தொழிற்பழகுநர் பயிற்சி: பொருத்துநர் தொழிலில் சேர்வது எப்படி?

தொழிற்பழகுநர் பயிற்சி என்பது, தொழிற்சாலையிலோ பணிமனையிலோ வேலை நடக்கும் இடத்திலேயே, அனுபவம் உள்ளவர்களின் மேற்பார்வையில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளும் முறையாகும். பேச்சு வழக்கில் 'அப்ரண்டிஸ்' என்று சொல்வது இதைத்தான். பயிற்சிக் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. இந்தியாவில் இப்பயிற்சி 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் நடைபெறுகிறது.

தொழிற்பிரிவுகள் பல இருந்தாலும், இக்கட்டுரை பொருத்துநர் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பட்டறைகளில் 'பிட்டர்' என்று அழைக்கப்படுபவரே பொருத்துநர். இயந்திர உறுப்புகளை அளந்து, அறுத்து, அராவி, துளையிட்டு, ஒன்றோடொன்று பொருந்தச் செய்வது இவர் வேலை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்த ஒருவர் இத்தொழிலில் பழகுநராக எப்படிச் சேரலாம், ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும், முதல் மாதங்களில் எதைக் கற்க வேண்டும் என்பவை கீழே விளக்கப்படுகின்றன.

சட்டமும் அதன் நோக்கமும்

தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் நிறைவேறி, 1962 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் தொழிற்பிரிவுப் பழகுநர்களுக்கு மட்டுமே இருந்த இச்சட்டம், 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2014-இல் பெரிய அளவில் மீண்டும் திருத்தப்பட்டது.

2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் கட்டாயமாகப் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள நிறுவனங்கள் விரும்பினால் சேர்க்கலாம். சேர்க்கும் எண்ணிக்கை மொத்தப் பணியாளர்களில் 2.5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இக்கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அடங்குவர். 200 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை என்றால் குறைந்தது 5 பேர், அதிகம் போனால் 30 பேர்.

இந்தக் கணக்கை மாணவர்கள் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. செய்தித்தாளில் அறிவிப்பு வருவது பெரிய பொதுத்துறை நிறுவனங்களிலிருந்துதான். ஆனால் கோவை, ஓசூர், அம்பத்தூர், இராணிப்பேட்டை போன்ற தொழிற்பகுதிகளில் உள்ள நடுத்தர நிறுவனங்கள் பலவும் இச்சட்டத்துக்குள் வருகின்றன. வீட்டுக்கு அருகில் உள்ள தொழிற்சாலையிலேயே இடம் இருக்கக்கூடும்.

பழகுநரும் 'டிரெய்னி'யும்

சேர்வதற்கு முன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய முதல் செய்தி இதுவே. தொழிற்சாலைக்குள் பயிற்சி என்ற பெயரில் நுழைகிற எல்லோரும் சட்டப்படியான பழகுநர்கள் ஆகிவிடுவதில்லை. 'கம்பெனி டிரெய்னி', 'ஆபரேட்டர் டிரெய்னி' என்ற பெயர்களில் ஆளெடுப்பு நடக்கிறது. அவற்றில் நல்ல பயிற்சி தருபவையும் உண்டு. ஆனால் தொழிற்பழகுநர் சட்டத்தின் பாதுகாப்பும், அரசுச் சான்றிதழும், பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் உள்ளவருக்கே கிடைக்கும்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் ஒன்றேகால் ஆண்டு 'டிரெய்னி'யாக இருந்தார். காலையில் பஸ் வரும், இரவு கொண்டுவந்து விடும், மாதம் தவறாமல் பணமும் வந்தது. ஒரே இயந்திரத்தில் ஒரே உறுப்பைப் போட்டு எடுப்பதுதான் அத்தனை மாதமும் அவருடைய வேலை. வெளியே வந்தபோது தேர்வு எழுதத் தகுதி இல்லை, காட்டுவதற்குச் சான்றிதழும் இல்லை. "அப்ரண்டிஸ்தானே சார் இது?" என்று அவர் கேட்டது சேர்ந்து பதினைந்து மாதம் கழித்து. கேட்க வேண்டிய நாள், சேர்ந்த முதல் நாள்.

எனவே நிறுவனத்தில் கேட்க வேண்டிய கேள்வி எளிது: "இது தொழிற்பழகுநர் சட்டப்படி பதிவாகும் ஒப்பந்தமா? பதிவு எண் எப்போது கிடைக்கும்?" இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முறையாக நடத்தும் நிறுவனம் உடனே பதில் சொல்லும்.

யார் சேரலாம்?

பழகுநராகச் சேரக் குறைந்தபட்ச வயது 14. ஆபத்தான தொழில்கள் தொடர்பான பிரிவுகளுக்கு 18. கல்வித் தகுதி தொழிற்பிரிவுக்கு ஏற்ப மாறும். ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோருக்குச் சட்டப்படி இட ஒதுக்கீடு உண்டு.

பொருத்துநர் தொழிலுக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, ஐ.டி.ஐ. வழியே வருவது. பொருத்துநர் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தமிழ்நாட்டில் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் ரூ.750 உதவித்தொகையும், விலையில்லா மிதிவண்டி, சீருடை, பாடநூல், பேருந்துப் பயண அட்டை ஆகியவையும் வழங்கப்படுகின்றன. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் ரூ.1,000 ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் பொருந்தும். ஐ.டி.ஐ. முடித்தவர் அடிப்படைப் பயிற்சியை ஏற்கெனவே பெற்றவராகக் கருதப்படுவார். ஆகவே பழகுநர் பயிற்சி பொதுவாக ஓராண்டில் முடிந்துவிடும்.

இரண்டாம் வழி, பள்ளிப் படிப்பை முடித்து நேரடியாகப் பழகுநராவது. இவர்களைப் 'புதியவர்' அல்லது 'பிரெஷர்' என்பர். இவர்களுக்கு முதலில் அடிப்படைப் பயிற்சியும் பிறகு பணியிடப் பயிற்சியும் தரப்படும். எனவே காலம் கூடுதல். சென்னைப் பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட இரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., பத்தாம் வகுப்பு முடித்த புதியவர்களையும் ஐ.டி.ஐ. முடித்தவர்களையும் தனித்தனியே சேர்க்கிறது. பொருத்துநர் அங்குள்ள முக்கியமான பிரிவுகளில் ஒன்று.

எது நல்லது என்று பெற்றோர் கேட்பதுண்டு. வீட்டில் இரண்டு ஆண்டு பொறுக்க முடியுமானால் ஐ.டி.ஐ. வழியே பாதுகாப்பானது. அதில் கிடைக்கும் தேசிய தொழிற்சான்றிதழ் தனியாக நிற்கும். பழகுநர் பயிற்சி தரும் சான்றிதழ் அதற்கு மேல் ஒன்றாகச் சேரும். பின்னாளில் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வாய்ப்பு உண்டு.

எங்கே விண்ணப்பிப்பது?

1. தேசிய தொழிற்பழகுநர் இணையதளம்: மத்திய அரசு நடத்தும் இத்தளத்தில் மாணவர் தம் பெயரைப் பதிவு செய்து, மாவட்டம், தொழிற்பிரிவு வாரியாக இடங்களைத் தேடலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை.

2. சேர்க்கை முகாம்கள்: பிரதமரின் தேசிய தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் மாவட்டங்களில் பெரும்பாலும் அரசு ஐ.டி.ஐ. வளாகங்களில் நடத்தப்படுகிறது. நிறுவனங்கள் நேரில் வரும். நேர்காணலும் அங்கேயே நடக்கும்.

3. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம்: மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின்கீழ் உள்ள இவ்வலுவலகம், எந்த நிறுவனத்தில் இடம் உள்ளது என்பதை அறிய நேரில் அணுகத்தக்க இடம்.

4. பொதுத்துறை, இரயில்வே அறிவிப்புகள்: ஐ.சி.எஃப்., தெற்கு இரயில்வேயின் பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் பணிமனைகள், திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. ஆகியவை தனித்தனி அறிவிப்பு வெளியிட்டுச் சேர்க்கின்றன.

டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு வழி வேறு. அவர்கள் சென்னைத் தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியே சேர்கின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "இரயில்வேயில் அப்ரண்டிஸ் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் இடைத்தரகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஐ.சி.எஃப். போன்ற இடங்களில் தேர்வு பத்தாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையிலான தகுதிப் பட்டியலின்படி நடக்கிறது. மதிப்பெண் பட்டியலை எந்தத் தரகராலும் மாற்ற முடியாது. பெயர் வந்தவர் எப்படியும் வந்திருப்பார். வராதவரின் பணம் திரும்பி வராது.

சான்றுகளைச் சரிசெய்தல்

விண்ணப்பம் தடைபடுவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது பெயர் வேறுபாடு. தமிழ்நாட்டில் முன்னெழுத்து வழக்கம் உள்ளதால் இச்சிக்கல் மிகுதி. மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும்; ஆதாரில் பின்னால் இருக்கும்; வங்கிக் கணக்கில் தந்தையின் முழுப்பெயர் சேர்ந்திருக்கும். பிறந்த தேதியும் சிலருக்கு மாறியிருக்கும். கணினி இவற்றை வெவ்வேறு ஆள்களாகவே எடுத்துக்கொள்ளும்.

பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் பள்ளியில் தயாராகும்போதே ஆதாரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் வேலை எளிது. அந்தக் கட்டம் தாண்டியவர்கள் மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்து, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்வது நல்லது. சேர்வதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை:

- பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்
- ஐ.டி.ஐ. முடித்திருந்தால் தேசிய தொழிற்சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும்
- ஆதார் அட்டை, அதோடு இணைந்த கைபேசி எண்
- மாணவர் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு
- சாதிச் சான்றிதழ்
- புகைப்படம், சொந்த மின்னஞ்சல் முகவரி

கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் மாணவருடையதாக இருக்கட்டும். கணினி மையத்துக்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அழைப்பு வந்தது தெரியாமல் போனவர்கள் உண்டு. அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். நிறுவனத்திடம் விட்டுவர வேண்டாம். நகல் கொடுத்தால் போதும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்து வடிவில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். பழகுநர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தம் தொழிற்பழகுநர் ஆலோசகர் என்னும் அரசு அலுவலரிடம் பதிவாகும். இன்று இவை பெரும்பாலும் இணையதளத்தின் வழியே நடக்கின்றன. கையெழுத்திடும் முன் கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

தொழிற்பிரிவின் பெயர்: 'பொருத்துநர்' என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் வேறு ஏதேனும் குறுகிய காலப் பணியின் பெயர் இருக்கலாம். சான்றிதழில் வரப்போவது ஒப்பந்தத்தில் உள்ள பெயரே.

காலம்: தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெளிவாக இருக்க வேண்டும்.

உதவித்தொகை: 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி மாதக் குறைந்தபட்சத் தொகை, 5 முதல் 9-ஆம் வகுப்பு வரை படித்தவர்க்கு ரூ.5,000, பத்தாம் வகுப்பு முடித்தவர்க்கு ரூ.6,000; பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்க்கும் ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவர்க்கும் ரூ.7,000, டிப்ளமோ முடித்தவர்க்கு ரூ.8,000, பட்டதாரிக்கு ரூ.9,000. இரண்டாம் ஆண்டில் 10 விழுக்காடு கூடும். அதாவது ரூ.6,000 பெறுபவர் இரண்டாம் ஆண்டில் ரூ.6,600 பெற வேண்டும். இவை குறைந்தபட்சத் தொகைகள். நிறுவனம் கூடுதலாகத் தரலாம். அரசு அவ்வப்போது தொகையைத் திருத்தும் என்பதால், கையெழுத்திடும் நாளில் நடப்பில் உள்ள தொகையோடு ஒப்பிட வேண்டும்.

பணம் வரும் வழி: 2016-இல் தொடங்கிய தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் ரூ.1,500-க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கிறது. 2023 முதல் இப்பங்கு பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. ரூ.7,000 பெற வேண்டியவருக்கு 25 விழுக்காடு என்பது ரூ.1,750. உச்சவரம்பு ரூ.1,500 என்பதால் அரசிடமிருந்து ரூ.1,500-உம் நிறுவனத்திடமிருந்து ரூ.5,500-உம் தனித்தனியே வரும். நிறுவனம் பணத்தைப் பிடித்துக்கொண்டது என்று சிலர் தவறாக நினைப்பதற்கு இதுவே காரணம். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாவிட்டால் அரசுப் பங்கு வராது.

உரிமைகளும் வரம்புகளும்

சட்டத்தின் பார்வையில் பழகுநர் ஒரு மாணவர், தொழிலாளர் அல்லர். இதனால் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. வருங்கால வைப்புநிதிப் பிடித்தம் போன்றவை இரா. ஆனால் பழகுநருக்கென்றே சில பாதுகாப்புகளைச் சட்டம் வைத்திருக்கிறது.

- பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் பழகுநரை ஈடுபடுத்தக் கூடாது.
- எத்தனை உருப்படி செய்தார் என்று எண்ணிப் பணம் தரும் பீஸ்ரேட் முறை கூடாது. உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் சேரச் சொல்லவும் கூடாது.
- தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது.
- தொழிற்சாலையில் கடைப்பிடிக்கும் விடுப்பும் விடுமுறைகளும் பழகுநருக்கும் உண்டு.
- உடல்நலம், பாதுகாப்பு பற்றிய விதிகள் பொருந்தும். பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு.

பீஸ்ரேட்டும் ஓவர்டைமும் ஏன் தடை என்று சிலருக்குத் தோன்றலாம். நாலு காசு கூடக் கிடைக்குமே என்பது வீட்டுக் கவலை. எண்ணிக்கைக்குப் பணம் என்றால், பழகுநர் தமக்கு நன்றாக வரும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவே விரும்புவார். நிறுவனமும் அதையே விரும்பும். புதிதாக ஒன்றைக் கற்கும்போது கை மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவான நேரத்தைக் காப்பதே இத்தடையின் பயன்.

முதல் மூன்று மாதம்: கை பழகும் காலம்

பொருத்துநர் வேலை வைஸ் பூட்டிய மேசையில் தொடங்குகிறது. ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, ஹாக்சாவால் அறுத்து, அரத்தால் அராவி, நான்கு பக்கமும் செங்கோணமாக வரச் செய்யச் சொல்வார்கள். பார்ப்பதற்கு எளிது. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இடையே ஒளிக்கீற்று தெரியும். அந்தக் கீற்று மறைவதற்குப் பல நாள் ஆகும்.

புதியவர்களின் அரவல் நடுவில் மேடிட்டு, இரு ஓரங்களில் தாழ்ந்து போகும். அரம் முன்னே போகும்போது இரு கைகளின் அழுத்தமும் மாற வேண்டும். தொடக்கத்தில் முன்கை அழுத்தம் மிகுதி, நடுவில் இரண்டும் சமம், முடிவில் பின்கை மிகுதி. திரும்பி வரும்போது அழுத்தக் கூடாது. அரத்தின் பல் முன்னோக்கிப் போகும்போதே வெட்டும். வைஸின் உயரம் முழங்கை மட்டத்துக்கு இருக்க வேண்டும். இவற்றைப் புத்தகத்தில் ஒரு நிமிடத்தில் படிக்கலாம். தோளுக்குத் தெரிய வாரக்கணக்கில் ஆகும். "இரும்பைத் தேய்க்கவா வந்தேன்" என்று பல மாணவர்கள் மனம் சோர்வது இந்தக் கட்டத்தில்தான். இயந்திரங்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் அரவலில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எவ்வளவு உலோகம் எடுத்தால் எவ்வளவு அளவு குறையும் என்ற உணர்வு கையால் செய்தவருக்கே வரும்.

அடுத்தது அளத்தல். பள்ளிக் கணக்கு இங்கேதான் உயிர் பெறுகிறது.

வெர்னியர் காலிப்பரில் முதன்மை அளவுகோலின் 49 மில்லிமீட்டர், துணை அளவுகோலில் 50 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துணைப் பிரிவு 0.98 மி.மீ. முதன்மைப் பிரிவு 1 மி.மீ. இரண்டின் வேறுபாடு 0.02 மி.மீ. இதுவே அதன் மீச்சிற்றளவு. முதன்மை அளவு 24 மி.மீ. காட்டி, துணை அளவுகோலின் 17-ஆம் கோடு ஒன்றி நின்றால், 17 × 0.02 = 0.34. மொத்த அளவு 24.34 மி.மீ.

மைக்ரோமீட்டரில் திருகின் புரியிடைத் தூரம் 0.5 மி.மீ.; சுழலும் உறையில் 50 பிரிவுகள். ஆகவே மீச்சிற்றளவு 0.01 மி.மீ.

இந்த நுண்மை எதற்கு என்பதை ஒரு துளையும் தண்டும் விளக்கும். வரைபடத்தில் துளை 25.00 முதல் 25.02 மி.மீ. வரையும், தண்டு 24.97 முதல் 24.99 மி.மீ. வரையும் இருக்கலாம் என்று குறித்திருந்தால், மிகக் குறைந்த இடைவெளி 25.00 − 24.99 = 0.01 மி.மீ. மிகக் கூடிய இடைவெளி 25.02 − 24.97 = 0.05 மி.மீ. இந்த வரம்புக்குள் எந்தத் தண்டை எடுத்து எந்தத் துளையில் செருகினாலும் சுழலும். ஒருவர் செய்த துளையில் வேறொருவர் செய்த தண்டு பொருந்துவதற்கு இதுவே அடிப்படை.

உட்புரி வெட்டுதலும் அவ்வாறே. எம்-10 திருகுக்கு டேப் போட 10 மி.மீ. துளை இடக்கூடாது. புரியிடைத் தூரம் 1.5 மி.மீ. என்றால் 10 − 1.5 = 8.5 மி.மீ. துளை வேண்டும். 10 மி.மீ. துளை போட்டால் டேப் கடிக்க உலோகமே இராது, 8 மி.மீ. போட்டால் டேப் உள்ளேயே முறியும்.

பாதுகாப்பு, முதல் நாளிலிருந்தே

பெரிய இயந்திரத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் சிறிய துளையிடும் இயந்திரத்தின் முன் கவனக்குறைவாக நிற்பதுண்டு. சுழலும் டிரில் எதையும் பற்றி இழுக்கும்.

- கையில் கட்டிய கயிறு, மோதிரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். சாமிக் கயிறாயிற்றே என்று தயங்குவோர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.
- தொங்கும் துப்பட்டா, விரித்த கூந்தல், தளர்ந்த முழுக்கைச் சட்டை கூடாது.
- டிரில் இயங்கும்போது கையுறை அணியக் கூடாது. துணியோடு விரலும் சுற்றிக்கொள்ளும்.
- துளையிடும் துண்டைக் கையால் பிடிக்கக் கூடாது; மெஷின் வைஸில் பூட்ட வேண்டும்.
- உலோகத் துகளைக் கையால் தள்ளவோ வாயால் ஊதவோ கூடாது. தூரிகை பயன்படுத்த வேண்டும்.
- கைப்பிடி இல்லாத அரத்தைத் தொடவே கூடாது.
- பாதுகாப்புக் காலணி, கண்ணாடி ஆகியவற்றைக் கேட்டு வாங்கி அணிய வேண்டும்.

நாள் குறிப்பு எழுதுதல்

ஒவ்வொரு பழகுநரின் முன்னேற்றத்தையும் பதிவு செய்து வைப்பது நிறுவனத்தின் சட்டப்படியான கடமை. அதற்கு அப்பால், பழகுநர் தமக்கென ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்வது பெரும் பயன் தரும். தினமும் ஐந்து வரி போதும்: தேதி, செய்த வேலை, பயன்படுத்திய கருவி, வரைபடத்தில் இருந்த அளவு, கையில் வந்த அளவு, தவறியது ஏன், யார் சொல்லிக் கொடுத்தார்.

இந்த நோட்டு மூன்று வகையில் உதவும். தேர்வுக்கு இதைவிட நல்ல குறிப்பு இல்லை. நேர்காணலில் "என்ன செய்தாய்?" என்று கேட்டால் தடுமாறாமல் சொல்லலாம். மூன்றாவது, பயிற்சி சரியாக நடக்கிறதா என்பதை அதுவே காட்டிவிடும். தொடர்ந்து மூன்று வாரம் "பெட்டி தூக்கினேன்", "பேக்கிங்" என்றே எழுதியிருந்தால், பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். இயந்திரத்தைத் துடைப்பதும் இடத்தைக் கூட்டுவதும் எல்லோருக்கும் உள்ள வேலை. அதில் குறை காண வேண்டாம். ஆனால் அது மட்டுமே வேலையாகிவிடக் கூடாது.

முதலில் மேற்பார்வையாளரிடம் பணிவாகக் கேட்கலாம்: "சார், அடுத்த வாரத்திலிருந்து அசெம்பிளி பிரிவில் போடுவீர்களா? டிரில்லிங் முடித்துவிட்டேன்." பெரும்பாலும் இது போதும். தீராவிட்டால் மனிதவளப் பிரிவு. அதற்கும் மேல் தொழிற்பழகுநர் ஆலோசகர். ஒப்பந்தம் தொடர்பான எந்தத் தகராறையும் அவரிடம் கொண்டு செல்லலாம். அவர் முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையெனில் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

சொல்லாமல் நின்றுவிடுவதுதான் தவறான வழி. ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளவும் சட்டப்படி விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனத்தின் தவறால் முறிந்தால் பழகுநருக்கு இழப்பீடு கிடைக்கும். பழகுநரின் தவறால் முறிந்தால் பயிற்சிச் செலவை அவர் திருப்பித் தர நேரிடலாம்.

பெண்களுக்கு

பொருத்துநர் தொழில் ஆண்களுக்கே உரியது என்ற எண்ணம் இன்னும் நிலவுகிறது. சட்டத்தில் அப்படி எந்தத் தடையும் இல்லை. அளத்தல், குறியிடல், நுண்பொருத்தம் ஆகியவற்றில் உடல் வலுவைவிடப் பொறுமையே முதன்மை. எடை தூக்கக் கிரேன் இருக்கிறது. பெற்றோர் சேர்வதற்கு முன் நேரில் போய், பேருந்து வசதி, கழிப்பறை, உடை மாற்றும் அறை, பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டறிவது நல்லது. அவற்றுக்குத் தெளிவான பதில் வரும் இடத்தில் தயங்காமல் சேர்க்கலாம்.

தேர்வு, சான்றிதழ், வேலை

பயிற்சி முடிவில் நடைபெறும் அகில இந்தியத் தொழில்தேர்வில் தேறியவர்க்குத் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் வழங்கப்படுகிறது. ஐ.டி.ஐ. தரும் தேசிய தொழிற்சான்றிதழ் வேறு, இது வேறு. நிறுவனம் தரும் 'பயிற்சி முடித்தார்' என்ற கடிதம் இவை இரண்டுக்கும் ஈடாகாது. எனவே தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலத்தைத் தவறவிடக் கூடாது.

பயிற்சி முடித்தவருக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது ஏமாற்றத்தைத் தவிர்க்கும். எனினும் பயிற்சி வீண்போவதில்லை. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருக்கும்போது நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி பெற்ற பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கூறியது. இரயில்வேயில் நேரடித் தேர்வு வழி நிரப்பப்படும் முதல் நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு, இரயில்வே நிறுவனங்களில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. தனியார் துறையில் பராமரிப்புப் பிரிவு, உற்பத்திப் பிரிவு, தரச் சோதனைப் பிரிவு மூன்றிலும் பொருத்துநருக்கு இடம் உண்டு. சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் ஐ.டி.ஐ. பயிற்றுநராகும் படிப்பிலும் சேரலாம்.

சேரும் முன் ஒருமுறை

பத்தாம் வகுப்பு முடிந்ததும் கிடைத்த இடத்தில் சேர்த்துவிடும் அவசரம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த அவசரத்திலும் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளுக்கு விடை கிடைத்த பின் கையெழுத்திட வேண்டும்.

1. இது தொழிற்பழகுநர் சட்டப்படி பதிவாகும் ஒப்பந்தமா?
2. எந்தத் தொழிற்பிரிவு, எத்தனை மாதம்?
3. உதவித்தொகை எவ்வளவு, எந்தக் கணக்கில், எந்தத் தேதியில் வரும்?
4. எந்தெந்தப் பிரிவுகளில் எவ்வளவு காலம் பயிற்சி, யார் சொல்லிக் கொடுப்பார்?
5. முடிவில் எந்தத் தேர்வு, எந்தச் சான்றிதழ்?

ஐந்துக்கும் விடை எழுத்தில் இருந்தால், ஓராண்டு அங்கே செலவிடுவது தகும். ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டுச் சேர்வது நல்லது.